எபிசோட் 41: ஒரு வயலின் வில்லும், ஒரு நாட்டுக்குப் பேர் வைத்த மரமும்

(ஒலி வடிவத்திலிருந்து எழுத்தாக்கி, கொஞ்சம் சுருக்கித் தொகுத்தது. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன வாரம் எபிசோட் வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஆபீஸ்ல ரிலீஸ் வாரம், மன்னிச்சிடுங்க. அந்தக் கடனையும் சேர்த்து இன்னைக்குக் கொஞ்சம் பெரிய கதையாவே சொல்றேன்.

இது எங்க வீட்டுப் பரணில் ஆரம்பிக்கிற கதை. போகிக்கு வீட்டைச் சுத்தம் பண்ணும்போது அம்மா ஒரு கறுப்புப் பெட்டியை இறக்கி வைத்து, "இதை வெச்சுக்கப் போறியாடா, இல்ல யாருக்காவது குடுத்துடவா?" என்று கேட்டார். என் வயலின். நாலாவது படிக்கும்போது ஆரம்பித்து, பத்தாவது வரைக்கும் கற்றுக்கொண்டேன். அப்புறம் ப்ளஸ் டூ, கட்-ஆஃப், கவுன்சலிங், இன்ஜினியரிங், வேலை. உங்களில் பலருக்கும் இந்த வரிசை மனப்பாடமா தெரியும். வயலின் இல்லாட்டி பரதநாட்டியம், இல்லாட்டி செஸ். பெட்டி மட்டும்தான் வேற.

திறந்து பார்த்தேன். வயலின் பரவாயில்லை, தந்திதான் துருப்பிடித்திருந்தது. வில்லின் நிலைமைதான் பாவம். முடியில் பாதியைப் பூச்சி அரித்திருந்தது, மிச்சம் அறுந்து கிடந்தது. குச்சியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது.

ரிப்பேர் பண்ணுகிற ஒரு அண்ணனிடம் எடுத்துப் போனேன். அவர் குச்சியை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "கடைசியா எப்போ வாசிச்சீங்க தம்பி?" என்றார்.

"ஒரு பன்னெண்டு வருஷம் இருக்கும்ணே."

"அன்னைக்கு வாசிச்சு முடிச்சதும் திருகைத் தளர்த்தாம பெட்டில வெச்சிருக்கீங்க. பன்னெண்டு வருஷமா முடி இந்தக் குச்சியை இழுத்துட்டே இருந்திருக்கு."

எனக்கு உண்மையிலேயே வெட்கமாகிவிட்டது. "சரி பண்ண முடியுமாண்ணே?"

"முடி மாத்திடலாம். குச்சியைச் சூடு காட்டி நிமிர்த்திப் பார்க்கலாம். இது பிரேசில்வுட்னு பேர் சொல்லி விக்கிற ரகம், எவ்ளோ நாள் நிக்கும்னு சொல்ல முடியாது. பெர்னாம்புக்கோவா இருந்தா நானே உங்களைத் திட்டியிருப்பேன்."

பெர்னாம்புக்கோ. ஆறு வருஷம் வயலின் கற்றுக்கொண்டவன் நான், அந்த வார்த்தையையே அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். பாரிஸ், பிரேசில், ஆம்ஸ்டர்டாம் சிறை, நம்ம கொல்லம் என்று சுற்றிவிட்டுத் திரும்ப அதே கோணல் குச்சிக்கே வந்து நின்றது. அந்தப் பயணம்தான் இன்றைய எபிசோட்.

வில் என்ன வேலை செய்கிறது?

ஸ்ட்ராடிவாரி என்ற பெயர் வயலின் தெரியாதவர்களுக்கும் தெரியும். சரி, ஒரு வில் செய்தவர் பெயர் சொல்லுங்க பார்ப்போம்? எனக்கும் தெரியாது.

ஒரு வயலின் வில் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் நீளம், 60 கிராம் எடை. அதில் குச்சி மட்டும் 40 கிராமுக்கும் குறைவு. 150-லிருந்து 200 வரை குதிரை வால் முடி. மங்கோலியா, சைபீரியா மாதிரி குளிர்ப் பிரதேசத்துக் குதிரைகளின் வெள்ளை முடிக்குத்தான் மதிப்பு. கையில் பிடிக்கிற பக்கம் கருங்காலியில் ஒரு சின்னக் கட்டை இருக்கும், அதற்கு ஆங்கிலத்தில் ஃப்ராக், அதாவது தவளை என்று பேர். பின்னால் இருக்கிற திருகைச் சுற்றினால் தவளை நகரும், முடி இறுகும்.

முடியில் ரோசின் தடவித் தந்தி மேல் இழுத்தால், முடி தந்தியைப் பிடித்து இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும். 440 ஹெர்ட்ஸ் ஸ்வரம் என்றால் ஒரு நொடிக்கு 440 தடவை இந்தப் பிடிப்பும் விடுதலையும் நடக்கிறது. அந்த நேரத்தில் குச்சி ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யணும். வளையணும், உடனே திரும்பணும். மெத்துன்னு இருந்தால் வாசிப்பவர் கை சொல்வது தந்திக்குப் போய்ச் சேராது. ரொம்ப விறைப்பாக இருந்தால் தந்தி மேல் துள்ளும். எடை கூடினால் கை வலிக்கும். விறைப்பு, எடை, திரும்பும் வேகம் என்று மூன்று கண்டிஷன், ஒரே ஒரு குச்சி.

பழைய ஓவியங்களில் பார்த்தீர்கள் என்றால், வில் நிஜமாகவே அம்பு விடுகிற வில் மாதிரி வெளிப்பக்கம் வளைந்திருக்கும். இன்றைக்கு நாம் பார்க்கிற வில் அதற்கு நேர் எதிர், குச்சி முடியை நோக்கி உள்பக்கம் வளைந்திருக்கும். இப்படி இருந்தால் முடியை எவ்வளவு இறுக்கினாலும் குச்சி தன் விறைப்பை விடாது, வில்லின் நுனி வரைக்கும் ஒரே பலத்தோடு வாசிக்கலாம். 18-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பல ஊர்களில் பல பேர் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். அந்த வேலையை முடித்து வைத்தவர் என்று எல்லோரும் கைகாட்டுவது பாரிஸில் ஒருவரை.

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு வாட்ச்சுக்காரர்

அவர் பெயர் பிரான்சுவா சேவியர் தூர்த். 1747 வாக்கில் பிறந்தவர், 1835-இல் இறந்தார். அப்பாவும் அண்ணனும் வில் செய்பவர்கள். இவரை மட்டும் கடிகாரம் செய்கிற தொழிலுக்கு அனுப்பினார்கள். எட்டு வருஷம் அதைச் செய்துவிட்டு, சரிப்படாமல் குடும்பத் தொழிலுக்கே திரும்பினார். இதையெல்லாம் எழுதி வைத்தவர் ஃபெதிஸ் என்ற இசை வரலாற்றாசிரியர். தூர்த்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது, சாயங்காலம் வேலை முடிந்தால் செய்ன் ஆற்றங்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்துவிடுவார் என்றும் அவர்தான் சொல்கிறார்.

கை பழக தூர்த் ஆரம்பத்தில் எடுத்துக்கொண்டது சர்க்கரைப் பீப்பாய்களின் பழைய பலகைகள். காசு போட்டு நல்ல மரம் வாங்கி வீணாக்க வசதியில்லை. குப்பையில் கிடைத்ததில் கற்றுக்கொண்டார். அன்றைக்குப் பிரான்சுக்கு வந்த சர்க்கரை கரீபியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் விளைந்தது என்பதையும் இந்த இடத்தில் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க.

1782-இல் வியோட்டி என்ற இத்தாலிய வயலின் மேதை பாரிஸுக்கு வந்து கச்சேரி செய்தார். அரண்மனைக் கூடத்தை விட்டுப் பெரிய அரங்குகளுக்கு இசை நகர்ந்துகொண்டிருந்த காலம் அது. அரங்கம் பெரிதானால் சத்தம் போதணும், நீளமான ஸ்வரம் நிற்கணும். வியோட்டி மாதிரி ஆட்களின் தேவையைக் கேட்டுக் கேட்டுத்தான் தூர்த் தன் வில்லை மாற்றினார் என்று சொல்வார்கள். நம்ம பாஷையில் சொன்னால், யூசர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஃபீட்பேக் கொடுத்தார்.

தூர்த் செய்தது என்ன? குச்சியை உள்வரைக்கும் சூடேற்றி வளைத்தார். நீளத்தையும் எடைப் பங்கீட்டையும் ஒரு நிலைக்குக் கொண்டுவந்தார். முடிகள் கயிறு மாதிரி திரண்டு போகாமல் பட்டையாக விரிந்து நிற்க, தவளையில் ஒரு உலோக வளையமும் ஆப்பும் வைத்தார். அவர் வைத்த அளவில்தான், சின்னச் சின்ன மாற்றங்களோடு, இன்றைக்கு வரை உலகம் முழுக்க வில் செய்கிறார்கள். என் பரண் வில் உட்பட.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இனிமேல்தான். தூர்த் இறந்து இருபது வருஷம் கழித்து, வியோம் என்ற வயலின் தயாரிப்பாளர் தூர்த்தின் வில்களை எடுத்து நுணுக்கமாக அளந்தார். பிடி பக்கம் 110 மில்லிமீட்டர் நீளத்துக்குக் குச்சியின் விட்டம் மாறவே இல்லை, 8.6 மில்லிமீட்டர். அதற்கப்புறம் மெலிந்துகொண்டே போய்த் தலையில் 5.3 மில்லிமீட்டர். நடுவில் பத்து இடங்களில் 0.3 மில்லிமீட்டர் வீதம் குறைகிறது. அந்தப் பத்து இடங்களும் சம தூரத்தில் இல்லை. தலையை நெருங்க நெருங்க இடைவெளி ஒரு ஒழுங்கோடு சுருங்கிக்கொண்டே வருகிறது. வியோம் அதை வரைபடமாகப் போட்டு, ஒரு ஜியாமெட்ரி முறையாகவே எழுதிக்கொடுத்தார். ஃபெதிஸ் 1856-இல் அதைத் தன் புத்தகத்தில் வெளியிட்டார்.

யோசித்துப் பாருங்க. கையெழுத்துப் போடத் தெரியாதவர் கையில் ஒரு லாகரிதம் கர்வ் இருந்திருக்கிறது. அவர் கணக்குப் போடவில்லை. சீவுவார், வளைத்துப் பார்ப்பார், மறுபடி சீவுவார். கொஞ்சம் குறை தெரிந்தாலும் உடைத்துப் போட்டுவிடுவார். இன்றைக்கு நாம் சிமுலேஷனில் பத்தாயிரம் தடவை ஓட்டிக் கண்டுபிடிப்பதை அவர் கட்டைவிரலில் கண்டுபிடித்தார்.

தன் வில்லில் அவர் வழக்கமாக முத்திரைகூடக் குத்தவில்லை. 1824-இல் செய்த வில்லுக்குள் வைத்த ஒரு துண்டுச் சீட்டில், தூர்த் தன் 77 வயதில் செய்தது என்று இருக்கிறது. 2017-இல் அவருடைய வில் ஒன்று பிரான்சில் 5 லட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போனது.

கட்டை எங்கிருந்து வந்தது?

பீப்பாய்ப் பலகையில் பழகிய தூர்த், பல மரங்களைப் பார்த்துவிட்டுக் கடைசியில் வந்து நின்றது ஒரே மரத்தில். அதுதான் பெர்னாம்புக்கோ. பிரேசிலில் பெர்னாம்புக்கோ என்கிற பகுதியிலிருந்து கப்பல் ஏறியதால் அந்தப் பேர். சாயக்காரர்களின் கிடங்கில் கிடந்த மரம் அது. பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் கடலில் சண்டை நடந்த வருஷங்களில் கப்பல் வராமல் விலை ஏறியது. வந்ததிலும் முடிச்சு, வெடிப்பு, கோணல். டன் கணக்கில் புரட்டினால் நாலைந்து துண்டு தேறும்.

"சாயக்காரர்களா?" என்று கேட்கிறீர்கள் இல்லையா? இதற்கு 500 வருஷம் பின்னால் போகணும். நம்ம ஊர்ப் பக்கமும் ஒரு எட்டு வரணும்.

கேரளா ஓட்டலில் டம்ளரில் ரோஸ் நிறத்தில் வெந்நீர் வைப்பார்களே, பதிமுகம். அது ஒரு மரத்தின் வைரக் கட்டைச் சீவல். ஆங்கிலத்தில் சப்பான்வுட். இந்தக் கட்டை அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்தும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது, துணிக்குச் சிவப்புச் சாயம் ஏற்ற. ஐரோப்பியர்கள் அதற்கு வைத்திருந்த பேர் என்ன தெரியுமா? பிரேசில். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொல்லத்தைப் பற்றிச் சொல்லும்போது மார்க்கோ போலோ அங்கே விளைகிற 'பிரேசில்' கட்டையை மெச்சுகிறார். பிரேசில் என்ற நாடு அவர்கள் வரைபடத்தில் வருவதற்கு 200 வருஷம் முன்னால் நடந்த கதை இது.

1500 ஏப்ரலில் கப்ரால் தலைமையில் வந்த போர்ச்சுகீசியக் கப்பல்கள் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் கரை கண்டன. அங்கே காட்டில் ஒரு முள் மரம். வெட்டினால் உள்ளே அதே சிவப்பு. அந்த ஊர் துப்பி மக்கள் அதை இபிரபிட்டாங்கா, சிவப்பு மரம் என்று அழைத்தார்கள். வந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த பேரையே வைத்தார்கள்: பாவ்-பிரசில். இரண்டும் நெருங்கிய சொந்தம்தான், சமீப காலம் வரைக்கும் தாவரவியலில் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். சாயம் தருகிற பொருளும் ஒன்றே, பிரேசிலின்.

அந்த நிலத்துக்கு முதலில் சிலுவையின் பெயரைத்தான் வைத்தார்கள். ஆனால் வியாபாரம் முந்திக்கொண்டது. மரத்தின் பேர் நாட்டுக்கு வந்தது. புனிதச் சிலுவையை விட்டுவிட்டுச் சாயக் கட்டையின் பேரை வைத்தார்களே என்று ஜோவாவ் டி பாரோஸ் என்ற போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் நொந்துகொண்டார். போர்ச்சுகீசிய மொழியில் பிரேசில்காரரைக் குறிக்கிற 'பிரசிலெய்ரோ' என்ற சொல்லில் இருக்கிற விகுதிகூட, ஒரு தொழில் செய்பவரைக் குறிக்கிற விகுதி. மரம் வெட்டி விற்பவன் என்பதுதான் அதன் பழைய அர்த்தம்.

துப்பி மக்கள் மரத்தை வெட்டி, தோலுரித்து, கடற்கரை வரை தோளில் சுமந்து வந்து கொடுத்தார்கள். பதிலுக்குக் கோடரி, கத்தி, துணி. அந்தக் கோடரியாலேயே அடுத்த மரத்தை இன்னும் வேகமாக வெட்டினார்கள். ஐரோப்பாவில் போய் இறங்கிய கட்டையைத் தூளாக்கணும். ஆம்ஸ்டர்டாமில் 1596-இல் திறந்த ஒரு சிறைக்கு ராஸ்ப்ஹவுஸ், அரம் போடும் வீடு என்றே பேர். கைதிகள் நாள் முழுக்க உட்கார்ந்து இந்தக் கட்டையை அரத்தால் ராவித் தூளாக்குவதுதான் தண்டனை. நீங்கள் அரங்கத்தில் கேட்டு உருகுகிற ஒரு வில்லின் கட்டைக்கு இப்படி ஒரு முன்கதை இருக்கிறது.

சாயமும் சத்தமும் ஒன்றுதான்

சரி, அத்தனை மரம் இருக்க, சாயக் கட்டை எதற்கு? அகஸ்மாத்தாகக் கையில் கிடைத்ததா? எனக்கு அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

நல்ல பெர்னாம்புக்கோ அடர்த்தியான மரம், தண்ணீரில் போட்டால் மிதக்கலாமா முழுகலாமா என்று யோசிக்கிற அளவுக்கு. அதோடு விறைப்பு. நீளவாக்கில் அதில் ஒலி நொடிக்கு 5,000 மீட்டருக்கு மேல் ஓடும். இதை அளக்க இத்தாலியின் கிரெமோனாவில் லூக்கி என்ற வில் தயாரிப்பாளர் ஒரு கருவியே உண்டாக்கினார். குச்சியின் இரண்டு முனையிலும் வைத்தால் அல்ட்ராசவுண்ட் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று சொல்லும். இன்றைக்குக் கட்டை விற்கும்போது இந்த எண்ணையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

ஆனால் விறைப்பும் அடர்த்தியும் வேறு மரங்களுக்கும் உண்டு. பெர்னாம்புக்கோவை வேறாக்குவது அதிர்வை உள்ளே விழுங்காத குணம். ஒரு தட்டு தட்டினால் மணி மாதிரி நிற்கும். 1990களில் ஜப்பானிய மர ஆய்வாளர்கள் இதை நோண்டிப் பார்த்தார்கள். இந்த மரத்திலிருந்து தண்ணீரில் கரைந்து இறங்குகிற பொருளை எடுத்து, சாதாரண ஸ்ப்ரூஸ் மரத்தில் ஊற வைத்தார்கள். ஸ்ப்ரூஸ் அதிர்வை விழுங்குவது குறைந்தது!

தண்ணீரில் இறங்குகிற அந்தப் பொருள் எது? சாயத்துக்காகத் தூளாக்கி ஊற வைத்தார்களே, அதுவேதான். பிரேசிலினும் அதன் உறவுக்காரப் பொருள்களும். துணியைச் சிவப்பாக்கிய சரக்குதான் வில்லைப் பாட வைக்கிறது. அரம் போட்ட கைதிக்கும் சீவிப் பார்த்த தூர்த்துக்கும் கையில் இருந்தது ஒன்றேதான். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பேர் இல்லாத கைகள்

1856-ஐ மறுபடி ஞாபகப்படுத்துகிறேன். தூர்த்தின் அளவுகள் அச்சில் வந்த அதே வருஷம், லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயதுப் பையன் கொய்னா மருந்து செய்யப் போய்த் தற்செயலாக ஊதாச் சாயம் கண்டுபிடித்தான். அதிலிருந்து கிளம்பிய செயற்கைச் சாயங்கள் சில பத்தாண்டுகளில் மரச் சாய வியாபாரத்தையே முடித்துவிட்டன. அதுவரைக்கும் வில் செய்பவர்கள் பெரிய வியாபாரத்தின் ஓரத்தில் நின்று, சாயக் கிடங்கில் நல்ல துண்டாகப் பொறுக்கி எடுத்தவர்கள். இனி மரம் அவர்களுக்காகவே கப்பல் ஏறணும்.

அந்த வில் செய்பவர்கள் யார்? பிரான்சின் கிழக்கே லொரேன் பகுதியில் மிர்கூர் என்ற சின்ன ஊர். நம்ம ஊரில் தஞ்சாவூர் என்றால் வீணை மாதிரி, அங்கே மிர்கூர் என்றால் வயலினும் வில்லும். தூர்த்தை அளந்தார் என்று சொன்னேனே, அந்த வியோம் 1798-இல் பிறந்தது இங்கேதான். பாரிஸில் பெரிய பட்டறை வைத்து, ஊரிலிருந்து திறமையான பையன்களை வரவழைத்துக்கொண்டார். 1826-இல் அப்படி வந்த பதினாறு வயதுப் பையன்தான் டொமினிக் பெக்காத். இன்றைக்குத் தூர்த்துக்கு அடுத்தபடி சொல்கிற பேர். பின்னால் வந்தவர் வுவாரன். ஆனால் பட்டறையில் இவர்கள் செய்த வில்களில் குத்திய முத்திரை வியோமுடையது. யார் கை என்று கண்டுபிடிக்க இன்றைக்கு நிபுணர்கள் வில்லின் தலையில் உளி ஓடிய விதத்தைப் பார்க்கிறார்கள். கம்பெனி பேரில் போகிற கோடில் நம்ம ஸ்டைலை நண்பர்கள் அடையாளம் காண்கிற மாதிரிதான்.

இந்த வியோம் சும்மா இருக்கிற ஆள் இல்லை. 1830களிலேயே உள்ளே குழலாக இருக்கிற எஃகில் வில் செய்து விற்றார். மரத்துக்கு மாற்று தேடியது அப்பவே தொடங்கிவிட்டது. ஒரு இடி பட்டால் நசுங்கும், நிமிர்த்த முடியாது, அதனால் நிலைக்கவில்லை.

இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகு மிர்கூர் படுத்துவிட்டது. 1971-இல் பெர்னார் ஊஷார் என்ற வில் தயாரிப்பாளரைத் திரும்ப அழைத்து அங்கே வில் செய்யக் கற்றுக்கொடுக்க வைத்தார்கள். 1979-இல் அவர் இறக்கும் வரை எட்டு வருஷம்தான் சொல்லிக்கொடுத்தார். இன்றைய பிரெஞ்சு வில் தயாரிப்பின் பெரிய பேர்கள் பலர் அந்த வகுப்பறையிலிருந்து வந்தவர்கள். ஒரே ஒரு வாத்தியார், எட்டு வருஷம். ஒரு கைத்தொழில் இருப்பதும் போவதும் சில சமயம் அவ்வளவு மெல்லிய நூலில்தான் தொங்குகிறது.

யார் கணக்கில் எழுதுவது?

இந்த இடத்தில்தான் கதை சிக்கலாகிறது.

பாவ்-பிரசில் வளர்வது பிரேசிலின் அட்லாண்டிக் கரையோரக் காட்டில் மட்டும். 1978-இல் அதைத் தேசிய மரமாக அறிவித்துச் சட்டம் போட்டார்கள். அதற்குள் அந்தக் காட்டின் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. சாயத்துக்கு வெட்டியது முதல் ரவுண்டு. அப்புறம் கரும்பு, காப்பி, மாட்டுப் பண்ணை, நகரங்கள். ரியோவும் சாவ் பாலோவும் நிற்பது அந்தக் காடு இருந்த நிலத்தில்.

2007-இல் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இந்த மரம் சேர்ந்தது. கட்டைக்கும் பாதி செதுக்கிய குச்சிக்கும் அனுமதிச் சீட்டு வேணும். முழுசாகச் செய்து முடித்த வில்லுக்கு வேண்டாம். 2022-இல் பனாமாவில் நடந்த மாநாட்டில் பிரேசில் இன்னும் கடுமையான முதல் பட்டியலுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டது. முதல் பட்டியல் என்றால் காட்டு மரத்தின் பன்னாட்டு வியாபாரமே நின்றுபோகும். வில் செய்பவர்களும் இசைக் குழுக்களும் பதறிப்போனார்கள். கடைசியில் மரம் இரண்டாம் பட்டியலிலேயே இருந்தது, ஆனால் பிரேசிலிலிருந்து முதல்முதலாக வெளியே போகிற முடித்த வில்லும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

இசைக்காரர்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்பதற்கு ஒரு உதாரணம். பழைய வில்களின் நுனியில் ஒரு சின்ன யானைத் தந்தத் தகடு இருக்கும். 2014-இல் புடாபெஸ்ட் ஃபெஸ்டிவல் ஆர்க்கெஸ்ட்ரா அமெரிக்கா போனபோது, தந்தம் இருக்கலாம் என்று நியூயார்க் விமான நிலையத்தில் ஏழு வில்களைப் பிடித்து வைத்துவிட்டார்கள். கச்சேரிக்கு வந்தவர் வில் இல்லாமல் என்ன செய்வார்?

வில் செய்பவர்களின் வாதம் இது: "நாங்க எடுத்தது ஒரு கைப்பிடி. காட்டை அழிச்சது சாயம், கரும்பு, மாடு. எங்க பேர்ல ஏன் எழுதறீங்க?" அதில் நியாயம் இருக்கிறது. 2000 வாக்கில் அவர்களே ஒரு அமைப்பு ஆரம்பித்து, பஹியா பக்கம் கொக்கோ தோட்டங்களின் நிழலில் இந்தக் கன்றுகளை நட உதவினார்கள்.

பிரேசில் சொல்வதையும் கேளுங்க. மற்றவர்கள் எல்லாம் போய்விட்டார்கள், சாயத்துக்கு இன்றைக்கு யாரும் இதை வெட்டுவதில்லை. மிச்சம் இருக்கிற மரத்துக்கு வெளிச் சந்தையில் விலை வைக்கிறது வில் ஒன்றுதான். ஒரு மரத்தை வெட்டினால் அதில் வில்லாகத் தேறுவது கொஞ்சம், பெரும்பகுதி சீவலும் சிராயும். நல்ல வில் வேணும் என்றால் நேரான, வயசான, முடிச்சில்லாத மரம் வேணும். விதை கொடுக்கத் தோதான மரமும் அதுதானே.

நான் முதலில் வில் செய்பவர்கள் பக்கம்தான் இருந்தேன். தூர்த் மேல் அப்படி ஒரு பாசம் வந்துவிட்டது. இந்த எபிசோடுக்குக் குறிப்பு எடுக்கும்போது மாறினேன். எங்க டீமில் பழைய பக் ஒன்று வெடித்தால் "அதை எழுதினது நான் இல்லை" என்று சொல்லலாம், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இன்றைக்கு அந்தக் கோடு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் சரி பண்ணணும். சாயக்காரர்கள் கடையைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கட்டையும் வில் செய்பவர்கள் கையில்தான் வந்து நிற்கிறது, கடனும் அவர்கள் கையில்தான் வந்து நிற்கிறது. நியாயமா என்றால், இல்லை. வேறு யார் கட்டுவார்கள் என்றால், ஆளில்லை.

அதைப் புரிந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். ஊஷாரிடம் மிர்கூரில் படித்த பெனுவா ரோலான், மரத்தில் அருமையாக வில் செய்பவர். 1990களில் கார்பன் ஃபைபரிலும் வில் செய்தார், அதன் வளைவை வாசிப்பவரே மாற்றிக்கொள்ளலாம். 2012-இல் அவருக்கு மெக்ஆர்தர் ஃபெலோஷிப் கிடைத்தது. தூர்த்தின் பரம்பரையில் படித்த கையே மரம் இல்லாமலும் செய்து காட்டியது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பீப்பாய்ப் பலகையில் ஆரம்பித்த தூர்த்துக்கு மரம் புனிதம் இல்லை. கிடைத்ததில் எது நல்லா வேலை செய்கிறது என்று தேடியவர் அவர்.

திரும்ப அந்தக் குச்சி

ரெண்டு வாரம் கழித்து என் வில்லை வாங்கப் போனேன். புது முடி, வெள்ளை வெளேர் என்று. குச்சி பெரும்பாலும் நிமிர்ந்திருந்தது, நுனியில் மட்டும் கொஞ்சம் சாய்வு. "இதுக்கு மேல காட்டினா கருகிடும், விட்டுட்டேன்" என்றார் அண்ணன்.

படித்ததையெல்லாம் அவரிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "பிரேசில்வுட்னு விக்கிறாங்களே, இது பிரேசில் மரமே இல்லைங்கிறது தெரியுமா?" என்றார். விலை குறைந்த வில்களில் அந்தப் பேரில் வருவது பெரும்பாலும் வேறு ஏதோ தென் அமெரிக்க மரம். மரத்தின் பேர் நாட்டுக்குப் போனது, நாட்டின் பேர் இப்போது வேறு மரத்துக்கு வந்திருக்கிறது. கொல்லத்தில் கிளம்பிய பேர் இன்னும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"பெர்னாம்புக்கோ ஒண்ணு வாங்கலாமாண்ணே, சம்பாதிக்கிறேன் இல்ல?" என்று கேட்டேன்.

"முதல்ல இதுல ஒரு வருஷம் வாசிங்க. அப்புறமும் வாசிச்சிட்டு இருந்தீங்கன்னா, ஏற்கனவே செஞ்சு, யார்கிட்டயோ சும்மா இருக்கிற பழைய வில் ஒண்ணு பார்ப்போம். ஒவ்வொருத்தர் பரண்லயும் புதுசா ஒண்ணு வெட்டிப் போட வேண்டாம்."

அவ்வளவுதான். இப்போது தினமும் இருபது நிமிஷம். சரளி வரிசையே தடுமாறுகிறது, பக்கத்து ஃப்ளாட்டில் யாரும் இன்னும் புகார் கொடுக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கலாம். இன்றைக்கே இறக்கிப் பாருங்க. வாசிக்கிறீர்களோ இல்லையோ, திருகை நாலு சுற்றுத் தளர்த்தி விடுங்க. குச்சி கொஞ்சம் மூச்சு விடட்டும்.

பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சிலதைப் போடுறேன். அடுத்த வாரம் ரிலீஸ் எதுவும் இல்லை, அதனால நிச்சயம் சந்திப்போம். வணக்கம்.